புதுக் கோர்ட் திறந்தார்கள், வாய்தா குறைந்ததா? டெக்சாஸ் கவுண்டி கோர்ட் அனுபவங்கள்

வேலூர்க்காரன்:

டெக்சாஸ் மக்களே, உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் சொல்லுங்கள். எங்கள் கவுண்டியில் (ஊரில் மாவட்டம் மாதிரி) சமீபத்தில் இன்னொரு கவுண்டி கோர்ட் அட் லா திறந்தார்கள், சின்னக் குற்றம், உயில், வாடகைத் தகராறு எல்லாம் பார்க்கும் கோர்ட். ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, இனி வழக்குகள் சீக்கிரம் முடியும் என்று பேசினார்கள். என் அக்கா மகனின் கேஸ் அந்த நேரத்தில்தான் நடந்துகொண்டிருந்தது, அதனால் உள்ளே என்ன நடந்தது என்று கிட்டே இருந்து பார்த்தேன்.

பையன் எச்1பி, அதாவது வேலை விசாவில் இருப்பவன். நண்பர்களோடு பார்ட்டிக்குப் போய்விட்டு வரும்போது பிடித்தார்கள், முதல் டிடபிள்யூஐ (குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸ்). கிளாஸ் பி மிஸ்டிமீனர் என்னும் சின்னக் குற்றம், அதிகபட்சம் 180 நாள் ஜெயில், 2,000 டாலர் அபராதம் என்று காகிதத்தில் இருக்கும். ஆனால் எங்களுக்கு உண்மையான பயம் ஜெயில் இல்லை, விசா. கைதானாலே போதும், தீர்ப்பு வருவதற்கு முன்பே தூதரகம் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவை ரத்து செய்து ஈமெயில் அனுப்பிவிடும். அவனுக்கும் வந்தது. இங்கே இருந்து வேலை பார்க்கலாம், ஊருக்குப் போனால் திரும்பி வர மறுபடி பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங். கேஸ் முடியாமல் யார் போவார்கள்? ஊரில் அவன் தாத்தா படுத்த படுக்கையாக இருந்தார்.

மாதம் ஒருமுறை கோர்ட்டுக்குப் போவான். வக்கீலும் பிராசிக்யூட்டரும் (அரசுத் தரப்பு வக்கீல்) மூலையில் நின்று ரெண்டு நிமிஷம் பேசுவார்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் லேபிலிருந்து வரவில்லை, வீடியோ வந்து சேரவில்லை, ஏதாவது ஒன்று. அடுத்த தேதிக்குத் தள்ளும் ரீசெட் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். வேலூர் கோர்ட்டில் என் பெரியப்பா நிலத் தகராறுக்கு வாய்தா வாங்கிய கதைதான், இங்கே ஏசி இருக்கிறது, அவ்வளவே.

இந்த நிலையில் புதுக் கோர்ட் வந்தது. பழைய கோர்ட்களில் தேங்கியிருந்த கேஸ்களில் ஒரு பங்கைப் பிரித்து அங்கே தள்ளினார்கள், இவன் கேஸும் போனது. கேஸ் நம்பர் அதேதான், ஆனால் ஜட்ஜ் வேறு, பிராசிக்யூட்டர் வேறு. பழைய பிராசிக்யூட்டர் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டிருந்த தண்டனைப் பேரம் காற்றோடு போனது. புதியவர் கோப்பையே திறந்து பார்க்கவில்லை, மறுபடி ரீசெட். புதுக் கோர்ட்டுக்குப் பழைய வாய்தா!

உங்களுக்கெல்லாம் எப்படி? ஜூரியாகப் போனவர்கள், உயில், வாடகை வீடு என்று போனவர்கள் எல்லாரும் எழுதுங்கள்.

பழைய குமாஸ்தா:

தம்பி, நான் ஊரில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன், இங்கே ரொம்ப வருஷம் ஒரு வக்கீல் ஆபீஸில் பாராலீகல், அதாவது வக்கீலுக்கு உதவியாளர். உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் கோர்ட் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் ஏன் இப்படி நடக்கிறது என்று புரியும்.

டெக்சாஸில் 254 கவுண்டி. ஒவ்வொன்றிலும் அரசியல் சட்டப்படி ஒரு கவுண்டி கோர்ட், அதற்கு ஒரு கவுண்டி ஜட்ஜ். அவர் வக்கீலாக இருக்கவேண்டியதில்லை, சட்டம் நன்றாகத் தெரிந்தவராக இருந்தால் போதும் என்று 1876-ஆம் வருஷத்து அரசியல் சட்டம் சொல்கிறது. சின்னக் கவுண்டிகளில் அவர் கேஸும் பார்ப்பார். பெரிய கவுண்டிகளில் அவருக்கு நிர்வாகம்தான் வேலை, நாலு கமிஷனர்களோடு உட்கார்ந்து பட்ஜெட், ரோடு, வெள்ளம் என்று பார்ப்பார். அந்தச் சபைக்குப் பெயர் கமிஷனர்ஸ் கோர்ட், ஆனால் அங்கே கேஸ் நடக்காது! ஹூஸ்டன் பக்கத்து ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் 2018-இல் கே.பி. ஜார்ஜ் கவுண்டி ஜட்ஜாக ஜெயித்தபோது, கேரளாக்காரர் ஒருவர் நீதிபதி ஆகிவிட்டார் என்று நம் வாட்ஸப் குழுக்களில் வாழ்த்து பறந்தது. அவர் நிதி ஆலோசகர். அதே தேர்தலில் ஜெயித்த ஜூலி மேத்யூதான் வழக்கு விசாரிக்கும் ஜட்ஜ், கவுண்டி கோர்ட் அட் லா 3.

இந்த "அட் லா" கோர்ட்களைக் கவுண்டி நினைத்த மாத்திரத்தில் திறக்க முடியாது. கமிஷனர்ஸ் கோர்ட் தீர்மானம் போட்டு, உள்ளூர் எம்எல்ஏவைப் பிடித்து, ஆஸ்டினில் சட்டமன்றம் சட்டம் போடவேண்டும். சட்டமன்றமோ ஒற்றைப்படை வருஷத்தில் மட்டும் 140 நாள் கூடுகிறது. அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது ரெண்டு வருஷம் கழித்துத்தான். தனித்தனி மசோதாவாகப் போகாமல், மாநிலம் முழுக்க எங்கெங்கே புதுக் கோர்ட் வேண்டுமோ எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பெரும்பாலும் நிறைவேற்றுவார்கள். 2021-லும் 2023-லும் அப்படித்தான் நடந்தது.

சரி, சட்டம் வந்துவிட்டது. பணம்? ஜட்ஜ் சம்பளத்துக்கு மாநிலம் ஒரு பங்கு தரும். மற்றதெல்லாம் பெரும்பாலும் கவுண்டி தலையில், அதாவது நாம் கட்டும் வீட்டு வரியில். கோர்ட் என்றால் ஜட்ஜ் மட்டும் இல்லையே. தேதி கொடுக்கும் கோ-ஆர்டினேட்டர், பேசுவதை எல்லாம் எழுத்தாக்கும் ரிப்போர்ட்டர், கோர்ட் காவலரான பெய்லிஃப், கிளார்க்குகள், அப்புறம் அந்தக் கோர்ட்டுக்கென்று தனியாகப் பிராசிக்யூட்டர்கள். பிராசிக்யூட்டர் ஆபீஸ் வேறு பட்ஜெட். ஜட்ஜைப் போட்டுவிட்டுப் பிராசிக்யூட்டர் பதவியை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட்டால், உங்கள் அக்கா மகனுக்கு நடந்ததுதான் நடக்கும். இருக்கிற ஆளையே பிய்த்துப் பிய்த்துப் போடுவார்கள். ரத்த மாதிரியைச் சோதிக்கும் லேபும் அதேதான். கோர்ட் கூடினால் லேப் வேகம் கூடாது.

ஆனால் திறக்காமலும் முடியாது. ஃபோர்ட் பெண்டில் 2000-இல் மூன்றரை லட்சம் பேர், 2020 சென்சஸில் 8,22,779. டல்லாஸ் பக்கத்துக் காலின் கவுண்டி 2010-இல் ஏழே முக்கால் லட்சம், பத்து வருஷத்தில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஜனம் வந்தால் ஆக்சிடென்ட், குடி, அடிதடி, உயில், வாடகைத் தகராறு எல்லாம் கூடவே வரும்.

ஒரு விஷயம் முக்கியமாகச் சொல்லவேண்டும். பேரம் பேசும்போது "டிஃபர்டு அட்ஜுடிகேஷன்" (தீர்ப்பைத் தள்ளிவைத்து, ஒழுங்காக நடந்துகொண்டால் கேஸை முடித்துவிடுவது) கிடைத்தால் ரெகார்டில் தண்டனை இல்லை என்பார்கள். 2019 செப்டம்பரிலிருந்து முதல் டிடபிள்யூஐக்கும் அது உண்டு, ஆல்கஹால் அளவு 0.15-க்குக் கீழே இருந்தால். டெக்சாஸுக்கு அது தண்டனை இல்லை, ஆனால் இமிக்ரேஷன் சட்டம் பெரும்பாலும் அதைத் தண்டனையாகவே கணக்கில் எடுக்கும். கையெழுத்துப் போடும் முன் இமிக்ரேஷன் வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள்.

மெக்கின்னி அம்மா:

நான் ஜூரியாகப் போய் வந்தேன். சிட்டிசன்ஷிப் வாங்கிய அடுத்த வருஷமே சம்மன் வந்துவிட்டது. (கிரீன் கார்டு, எச்1பிக்காரர்களுக்கும் வரும், டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுக்கிறார்களாம். பயப்படாமல் சிட்டிசன் இல்லை என்று பதில் அனுப்புங்கள். குப்பையில் மட்டும் போடாதீர்கள்.)

கவுண்டி கோர்ட்டில் ஜூரி ஆறு பேர்தான், சினிமாவில் வருகிற மாதிரி பன்னிரண்டு இல்லை. எனக்கும் டிடபிள்யூஐ கேஸ்தான் வந்தது. போலீஸ் காரின் வீடியோவைப் போட்டார்கள். ஹைவே ஓரத்தில் ஒரு இளைஞன் ஒற்றைக் காலில் நிற்கிறான், ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டு என்று முப்பது செகண்ட் எண்ணவேண்டும். பக்கத்தில் லாரிகள் போகும் காற்றில் சட்டை படபடக்கிறது. கால் ஒருமுறை தரையில் பட்டது. அது போதையா பயமா என்றுதான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். ஆறு பேரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும். ஒரு ரிட்டையர்டு டீச்சர், தானே செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று பார்த்தார், இருபதைத் தாண்டவில்லை.

எங்களுடையதும் புதிதாகத் திறந்த கோர்ட்தான். பெயிண்ட் வாசனை போகவில்லை, ஜட்ஜ் நல்ல மனுஷி, ஒவ்வொரு இடைவேளையிலும் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஏன் தெரியுமா? முதல் நாள் காலை முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தோம், கோர்ட் ரிப்போர்ட்டர் இல்லை. அந்த அம்மா வேறொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். எழுதிக்கொள்ள ஆள் இல்லாமல் விசாரணையைத் தொடங்க முடியாதாம். பழைய குமாஸ்தா ஐயா சொல்வது சரிதான், நாற்காலி போட்டால் ஆள் வந்துவிடாது.

ஜூரிக்கு முன்பெல்லாம் முதல் நாளுக்கு ஆறே ஆறு டாலர்தான், 2023 செப்டம்பரிலிருந்து 20 டாலர், அடுத்தடுத்த நாளுக்கு 58. எங்கள் வீட்டுக்காரர் "அப்பாடா, பால் வாங்கக் காசு வந்தது" என்று கிண்டல் செய்தார்.

காரைக்குடி கேட்டி:

அக்கா, உங்கள் கேஸ் பரவாயில்லை. நான் போனது அப்பா இறந்த பிறகு. இங்கேயே எங்களோடு இருந்தார், சின்னதாக ஒரு வீடு அவர் பெயரில். உயில் எழுதவில்லை. சொந்தம் யார் யார் என்று கோர்ட்டில் நிரூபிக்கவேண்டும் என்றார்கள். தெரியாத வாரிசு யாராவது இருந்தால் அவர்களுக்காகப் பேச ஒரு வக்கீலைக் கோர்ட்டே நியமிக்கிறது, அவருக்கும் பீஸ் நாம்தான் கட்டவேண்டும். அப்புறம் சொத்தில் பங்கு இல்லாத ரெண்டு சாட்சி. அப்பாவின் கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் தெரிந்த ரெண்டு பேரை அமெரிக்காவில் எங்கே தேடுவது? கோவிலில் பழக்கமான ஒரு மாமாவும், அப்பாவோடு பாங்கில் வேலை பார்த்த ஒருவரும் வந்தார்கள்.

கவுண்டி கோர்ட் அட் லா எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழ் பார்க்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கு வெள்ளைப் புடவை, நான் பைலோடு, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். பக்கவாட்டுக் கதவு திறந்து, ஜெயில் உடுப்பில் கைவிலங்கோடு வரிசையாக ஆட்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "நாம என்னடி தப்புப் பண்ணினோம்?" என்று கேட்டாள். அவர்கள் ஒவ்வொருவராக முடிந்து, எங்கள் முறை வந்து, சாட்சிகள் சத்தியம் செய்து, பேசி முடிய கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஜட்ஜ் அம்மாவைப் பார்த்து "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் எழுந்து கும்பிட்டாள்.

எங்களுக்கு அடுத்த மாதம் புதுக் கோர்ட் வந்து, இந்த உயில் கேஸ்களுக்கு வாரத்தில் தனி நாள் ஒதுக்கிவிட்டார்கள் என்று வக்கீல் சொன்னார். வேலூர்க்காரன் அண்ணா, புதுக் கோர்ட்டால் நல்லதே இல்லை என்று சொல்லாதீர்கள், அந்த ஒரு மாற்றத்துக்காகவே நான் வரி கட்டுவேன்.

சர்க்கரைநாட்டான்:

நான் வாடகை வீட்டுப் பஞ்சாயத்து. வாடகை தராத ஆளைக் காலி செய்ய ஜேபி கோர்ட்டில் (கவுண்டி கோர்ட்டுக்குக் கீழே இருக்கும் சின்னக் கோர்ட்) ஜெயித்தேன். சந்தோஷத்தில் பெயிண்டருக்குப் போன் போட்டேன். அஞ்சு நாளுக்குள் அவர் கவுண்டி கோர்ட்டில் அப்பீல். அப்பீல் என்றால் கீழே நடந்ததைச் சரிபார்ப்பது இல்லை, மொத்தமும் முதலிலிருந்து. என் வீடு எல்எல்சி என்கிற என் சின்னக் கம்பெனி பெயரில், ஒரே ஒரு தனி வீடு. ஜேபி கோர்ட்டில் நானே பேசினேன், மேலே வந்ததும் வக்கீல் இல்லாமல் கம்பெனி பேச முடியாது என்றார்கள். ரெண்டு மாத வாடகை வக்கீலுக்கே போனது.

ஆனால் இந்தக் கேஸ்களை முன்னுரிமை கொடுத்து எடுக்கவேண்டும் என்று விதி இருக்கிறது, எடுத்தார்கள். குடியிருந்தவர் வரவே இல்லை. ஜட்ஜ் வாசலில் பெயரைக் கூப்பிடச் சொல்லிவிட்டுத் தீர்ப்பு எழுதினார். சட்டத்தில் அவ்வளவு சீக்கிரமாக வேறு எதுவும் எனக்கு நடந்ததில்லை.

வேலூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கேட்டி தங்கச்சி, ஒத்துக்கொள்கிறேன். குமாஸ்தா ஐயா, ஒரு கேள்வி. இந்தப் புது ஜட்ஜ் தேர்தல் இல்லாமலே உட்கார்ந்துவிட்டாரே, அது எப்படி? நாங்கள் ஓட்டே போடவில்லை.

பழைய குமாஸ்தா:

கவுண்டி கோர்ட்டுக்கு மேலே இருக்கும் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் காலியிடம் என்றால் கவர்னர் போடுவார். கவுண்டி கோர்ட் அட் லா என்றால் கமிஷனர்ஸ் கோர்ட்டே ஒருவரை நியமிக்கும், அடுத்த பொதுத் தேர்தல் வரை. அதற்கு அப்புறம் நாலு வருஷத்துக்கு ஒருமுறை கட்சிப் பெயரோடு தேர்தல். ஜட்ஜுக்குக் கட்சியா என்று ஊரில் கேட்டால் சிரிப்பார்கள், இங்கே அப்படித்தான். வேட்பாளர் வக்கீலாக இருக்கவேண்டும், 25 வயசு, கவுண்டியில் ரெண்டு வருஷம் குடியிருப்பு, வக்கீலாகவோ ஜட்ஜாகவோ நாலு வருஷ அனுபவம்.

முன்பு கட்சிக்கு ஒரே பொத்தான் அழுத்தினால் மேலிருந்து கீழ் வரை ஓட்டு விழும். 2020 தேர்தலிலிருந்து அது கிடையாது. பாலட் சீட்டில் ஜட்ஜ் பெயர்கள் கவர்னருக்கும் எம்எல்ஏவுக்கும் ரொம்பக் கீழே இருக்கும், பலர் அங்கே போவதற்குள் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். ஓட்டுரிமை இருப்பவர்கள் நவம்பர் மட்டும் இல்லை, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் பிரைமரியையும் பாருங்கள், பல கவுண்டிகளில் உண்மையான போட்டி அங்கேதான்.

அப்புறம் பையனுக்கு: வாய்தா அன்று வக்கீல் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாலும், ஜட்ஜ் அவனுக்கு விலக்கு கொடுத்தாரா என்று கேட்டுவிட்டு வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் ஜாமீன் ரத்தாகி வாரண்ட் போட்டுவிடுவார்கள். புது ஜட்ஜின் விதிகள் பழையவருடையது மாதிரி இருக்காது, கோ-ஆர்டினேட்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் சொல்வார்.