சிமுலேட்டருக்கு ஒரே சொல் போதாது: பறப்பாட்டமும் ஒத்திகைப் பொறியும்

அன்பு நண்பர்களுக்கு,

விமானம் ஓட்டுவதைத் தரையிலேயே போலச் செய்துகாட்டும் பொறியையும் மென்பொருளையும் ஆங்கிலத்தில் ஃப்ளைட் சிமுலேட்டர் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த மடல் இழையில் வந்த சொற்களை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தேன். பறப்புப் பாவிப்பி, பறப்புப் போலி, விமான உருவகி. மூன்றும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவை. ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது, ஆகவே தமிழிலும் ஒன்றே வேண்டும் என்று. எனக்கு அங்கேயே உடன்பாடில்லை. வீட்டு மேசையில் ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு ஆடுவது ஒன்று, உரிமம் வாங்குவதற்காகப் பொறிக்குள் உட்கார்ந்து பழகுவது இன்னொன்று. நான் வீட்டிலும் ஆடியிருக்கிறேன், விமானத்திலும் பயிற்சி எடுத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று சொற்கள். இலக்கணத்தில் நிலம் நிலன் ஆவதைக் கடைப்போலி என்கிறோம், அங்கே போலி என்ற சொல்லுக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் தெருவில் போலி என்றால் போலி மருத்துவர், போலிச் சான்றிதழ்தான். பல கோடி ரூபாய் விலையுள்ள பயிற்சிப் பொறிக்கு அந்தப் பெயர் வேண்டாம். உருவகம் என்றதும் முகத்தாமரைதான் நினைவுக்கு வருகிறது. பாவிப்பி என்பது செயலி, உலாவி வரிசையில் முறையாக ஆக்கப்பட்ட சொல், ஆக்கியவரின் உழைப்பு தெரிகிறது. ஆனால் இலங்கைத் தமிழில் பாவித்தல் என்றால் பயன்படுத்துதல், பாவனையாளர் என்றால் பயனர். யாழ்ப்பாணத்தில் ஒருவர் பறப்புப் பாவிப்பி என்று படித்தால் பறப்பை எதற்கோ பயன்படுத்தும் கருவி என்றுதான் எடுத்துக்கொள்வார். நமக்குள்ளேயே இரண்டு பொருள் தரும் சொல்லைக் கலைச்சொல்லாக வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பல வருடம் வீட்டில் ஆடிய பிறகுதான், அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில், ஒரு சின்ன விமானத் தளத்தில் வார இறுதிகளில் பறக்கக் கற்றுக்கொள்ளப் போனேன். செஸ்னா 172 என்ற சிறு விமானம். அதில் எந்தக் கருவியின் முள் எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். முதல் நாள் கிளம்புவதற்கு முன் விமானத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்த ஆசிரியர், இடது இறக்கையின் முன்விளிம்பில் இருந்த ஒரு சிறிய துளைமேல் சுத்தமான கைக்குட்டையை வைத்து, வாயால் உறிஞ்சினார். உள்ளேயிருந்து ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை மட்டும் அழுத்தினாற்போல ஒரு சத்தம் வந்தது. ஸ்டால் எச்சரிக்கை ஒலி அதுதான். இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் விடப்போகிற நேரத்தில் அந்தத் துளையருகே அழுத்தம் குறையும், காற்று ரீடு என்ற அதிரும் தகடு வழியாக இழுக்கப்பட்டுத் தானே ஊதும், மின்சாரமே தேவையில்லை. விளையாட்டில் அதை நூறு தடவை கேட்டிருக்கிறேன், எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மேலே போன பிறகும் அப்படித்தான். ஓடுபாதையில் வேகமெடுத்ததும் விமானம் இடதுபக்கம் இழுக்கும், வலது காலால் பெடலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் எனக்குப் பெடல் கிடையாது, கணினியே பார்த்துக்கொள்ளும்படி வைத்திருந்தேன். காற்றில் ஏறிய பிறகு என் கண் முட்களைவிட்டு நகரவே இல்லை, வீட்டில் ஆடிவிட்டு வருகிறவர்கள் பலரிடம் இருக்கும் பழக்கமாம் இது. ஆசிரியர் தொப்பியைக் கழற்றி முட்களுக்கு முன்னால் வைத்து மறைத்துவிட்டு, வெளியே அடிவானத்தைப் பார்த்து ஓட்டச் சொன்னார். அப்புறம் ட்ரிம், கை பிடிக்காமலே விமானத்தின் மூக்கை வைத்த இடத்தில் நிறுத்தும் அமைப்பு. வீட்டில் அது ஒரு பொத்தான். அங்கே விமானத்தின் மூக்கு கீழே போகப்பார்க்க, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கை வலிக்கிறது, முழங்கால் பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்ட உருட்ட அந்தக் கனம் கையைவிட்டு இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டு விரல் போதும் என்றாகிறது. அந்தக் கனம் இறங்குவதை எந்தத் திரையும் எனக்குக் காட்டியதில்லை.

ஆனால் வீட்டில் ஆடியது வீண் என்று சொல்லவே மாட்டேன். செக்லிஸ்ட் ஒழுங்கு, வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது, வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது, இவையெல்லாம் நேரே கைகொடுத்தன. அதிலும் கடைசியாகச் சொன்னதற்காகத்தான் இந்த வகைப் பொறியே பரவியது.

எட்வின் லிங்க் என்பவர் நியூயார்க் மாநிலத்துப் பிங்கம்டனில், அப்பாவின் ஆர்கன், பியானோ தொழிற்சாலையில் வளர்ந்தவர். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளைக் கொண்டே, உட்கார்ந்தால் சாய்ந்தும் திரும்பியும் ஆடுகிற பெட்டி ஒன்றை 1929-இல் செய்து முடித்தார். பறக்கும் பள்ளிகள் அதை அவ்வளவாகச் சீண்டவில்லை, தொடக்கத்தில் அது விற்றது கேளிக்கைப் பூங்காக்களில். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகளை அஞ்சல் கொண்டுபோகச் சொன்னார்கள், மோசமான குளிர்கால வானிலையில் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டிப் பழகாதவர்கள் அடுத்தடுத்து விழுந்து இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் லிங்கிடம் ஆறு பெட்டிகள் வாங்கியது. நமக்கு வேண்டியது இதில் இருக்கிறது: பூங்காவில் இருந்தபோது அது ஆட்டம், ராணுவத்தில் அதே பெட்டி பயிற்சி. லிங்க் அதற்கு வைத்த பெயரிலும் சிமுலேட்டர் இல்லை, டிரெயினர்தான்.

விமானிகளின் கணக்கிலும் இந்தப் பிரிவு உண்டு. அவர்களுடைய பதிவேட்டில் சிமுலேட்டர் மணிக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது, பறந்த மணியோடு அதைக் கலப்பதில்லை. அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி வேண்டும், பொதுவான விதிப்படி அதில் சிமுலேட்டருக்குக் கிடைப்பது இரண்டரை மணிதான், அதுவும் அங்கீகாரம் பெற்ற பொறியில், ஆசிரியர் பக்கத்தில் இருந்தால். இன்னொரு கோடியில், நீண்டு சுருங்கும் ஆறு கால்கள்மேல் நின்று ஆடும் பெரிய பொறிகள் இருக்கின்றன. அனுபவமுள்ள விமானி ஒருவர் புதிய ரக விமானத்துக்கான பயிற்சி முழுவதையும் அதற்குள்ளேயே முடித்துவிடலாம், அந்த ரகத்தை உண்மையில் முதன்முதலாகத் தரையிறக்குவது பயணிகளோடுதான் என்றாகிறது.

இதை யோசித்தபோதுதான் எனக்கு ஒத்திகை என்ற சொல் கிடைத்தது. நாடகக்காரர்களிடமிருந்து வந்த சொல், இன்று பேரிடர் மீட்பு ஒத்திகை, தீயணைப்பு ஒத்திகை என்று தினமும் செய்தித்தாளில் வருகிறது, யாருக்கும் விளக்க வேண்டாம். ஒத்திகை என்றாலே அதற்குப் பின்னால் ஒரு அரங்கேற்றம் உண்டு என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. ஆகவே பயிற்சிப் பொறிக்கு ஒத்திகைப் பொறி. தேவைப்பட்டால் பறப்பு ஒத்திகைப் பொறி. வீட்டு விளையாட்டுக்குப் பந்தாட்டம், சீட்டாட்டம் போலப் பறப்பாட்டம்.

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். ஒன்று, பறப்பு ஒத்திகை என்றால் மெரினாவில் விமானப்படை சாகசத்துக்கு முந்தைய நாள் பார்க்கும் ஒத்திகை என்று ஆகாதா? ஆகும், அதனால்தான் பொறி என்பதை விடக்கூடாது என்கிறேன். இரண்டு, எக்ஸ்பிளேன், ஃப்ளைட்கியர் போன்ற சிமுலேட்டர் மென்பொருள்கள் வைத்திருப்பவர்கள் எங்களுடையது விளையாட்டில்லை என்பார்கள். நியாயம்தான். அதற்கு வினைச்சொல்லைப் பாருங்கள். நாளைய பாடத்தை இன்றிரவு செக்லிஸ்ட்டோடு உட்கார்ந்து பழகினால் அதே மென்பொருளில் "ஒத்திகை பார்த்தேன்" என்று தாராளமாகச் சொல்லலாம், சும்மா இமயமலையைச் சுற்றிவிட்டு வந்தால் "ஆடினேன்". இரண்டிலும் "பறந்தேன்" என்று மட்டும் வேண்டாம், அந்தச் சொல்லை விமானத்துக்கே வைத்துக்கொள்வோம்.

மின்சுற்று, வானிலை போன்றவற்றைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதற்கு ஒத்திகை பொருந்தாது, அங்கே யாரும் எதற்கும் பழகவில்லை. அதற்குப் போலச்செய்தல் போதும் என்று நினைக்கிறேன், வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். கார் ஓட்டக் கற்பவர்களுக்கும் அறுவை சிகிச்சை பழகும் மருத்துவர்களுக்கும் ஒத்திகைப் பொறி அப்படியே பொருந்தும்.

ஸ்டாலுக்குத் தனி இழை தொடங்குகிறேன். அதற்கு முன்மடல் ஒன்றில் வந்த "நின்றுபோதல்" மட்டும் வேண்டாம், ஸ்டால் ஆகும்போது எஞ்சின் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம், விட்டுப்போவது இறக்கையின் பிடிதான்.