ஆயா வீடு குழுவில் அம்மானின் பயாப்ஸி பேப்பர்

கோட்டையூர் அயித்தை: உங்கள் அம்மானுக்குக் குடல்வால் ஆபரேசன் ஆகி இன்றோடு இருபத்து மூன்று நாள். இன்சூரன்ஸுக்கு அனுப்பலாம் என்று மஞ்சப்பையில் கிடந்த பேப்பரை எல்லாம் பட்டாலையில் பரப்பி அடுக்கினால், மருந்து பில்லுக்கும் ஸ்கேன் பில்லுக்கும் நடுவில் பயாப்ஸி ரிப்போர்ட் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. மியூசினஸ் நியோபிளாசம் என்று போட்டிருக்கிறது. தையல் பிரித்த அன்று எல்லாம் நார்மல் என்றுதானே சொல்லி அனுப்பினார்கள்? உமா, பார்த்துச் சொல்லு ஆத்தா.

(புகைப்படம்)

தேவகோட்டை பெரியத்தா: அப்படி என்றால் என்ன? முருகா.

சென்னை அண்ணன்: சளி சுரக்கும் கட்டி என்று அர்த்தம் பெரியத்தா. கூகுளில் பார்த்தேன், வயிறு முழுக்க ஜெல்லி மாதிரி நிறைந்துவிடுமாம். ஆட்ரி ஹெப்பர்ன் 1993இல் இந்தக் குடல்வால் புற்றுநோயில்தான் இறந்திருக்கிறார். உடனே அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், என் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம்.

கோட்டையூர் அம்மான்: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் தம்பி.

சென்னை அண்ணன்: மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மான்.

மதுரை உமா: இப்போதுதான் ஆபரேசன் தியேட்டரை விட்டு வெளியே வந்தேன். யாரும் இனிமேல் கூகுள் பண்ண வேண்டாம். அயித்தை, போட்டோவில் பாதிக்கு உங்கள் கை நிழல் விழுந்திருக்கிறது. வளவு வெளிச்சத்தில் வைத்து இரண்டாம் பக்கத்தையும் எடுங்கள். குடல்வால் வெடித்திருந்ததா, சளி வெளியே கசிந்ததா, அடியில் வெட்டிய ஓரத்தில் கட்டி இருக்கிறதா, எனக்கு இதுதான் வேண்டும். முதல் பக்கத்துப் பேரை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

கோட்டையூர் அயித்தை: (புகைப்படம்)

மதுரை உமா: சரி, நிம்மதியாக மூச்சு விடுங்கள். வெடிக்கவில்லை, வெளியே சளி இல்லை, வெட்டிய ஓரம் சுத்தம். இது லோ கிரேடு, மெதுவாக வளர்கிற வகை. உள்சுவரில் இருக்கும் செல்கள் சளியைச் சுரந்துகொண்டே இருக்க, அது வெளியேற வழியில்லாமல் குடல்வால் நுங்கு மாதிரி உப்பிவிடும். நுங்கில் விரலை விட்டால் முகத்தில் தெறிக்குமே, அப்படித் தெறித்து அந்தச் சளியும் செல்லும் வயிற்றுக்குள் விழுந்தால்தான் அண்ணன் சொன்ன ஜெல்லிக் கதை எல்லாம். அம்மானுக்கு நுங்கு முழுசாக வெளியே வந்துவிட்டது.

கோட்டையூர் அம்மான்: டாக்டர் ஏதோ பைக்குள் போட்டு எடுத்தேன் என்றார். எனக்கு அப்போது மயக்கம் தெளியவில்லை.

மதுரை உமா: அதுதான் அம்மான். சாதாரணமாகக் குடல்வால் 6 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், உங்கள் சி.டி. ஸ்கேனில் 18. 15ஐத் தாண்டினாலே உள்ளே சளிக்கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். அவர் அதைப் பார்த்திருக்கிறார், இடுக்கியால் நசுக்காமல் பைக்குள் போட்டு வெளியே இழுத்திருக்கிறார். கை நல்ல கை. ரிப்போர்ட் வந்த பிறகு ஒரு போன் பண்ணாததுதான் எனக்குக் கோபம்.

கோட்டையூர் அயித்தை: எனக்கும்தான். பேப்பரைக் கொடுத்த பையன் ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் சொன்னான்.

தேவகோட்டை பெரியத்தா: புதுவயல் சம்பந்தி வீட்டில் ஒருத்தருக்குக் குடல்வாலில் கட்டி என்று வலது பக்கக் குடலையே எடுத்தார்களே உமா, தம்பிக்கும் அப்படி வெட்டுவார்களா?

மதுரை உமா: அவருக்கு என்ன வகை என்று தெரியாது பெரியத்தா. கார்சினாய்டு என்று வேறு ஒரு கட்டி வகை உண்டு, பெரும்பாலும் நுனியில் வரும். அது 1 சென்டிமீட்டருக்குள் என்றால் குடல்வாலை எடுத்ததோடு முடிந்தது, 2ஐத் தாண்டினால் நெறிகட்டிகளோடு வலப்பக்கப் பெருங்குடலையும் எடுப்பார்கள், நடுவில் இருந்தால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று பார்த்து முடிவு செய்வார்கள். அம்மானுடையது அந்த வகையே இல்லை, குடலை வெட்ட வேண்டியதில்லை.

சென்னை அண்ணன்: சூடான கீமோ என்று ஒன்று படித்தேனே?

மதுரை உமா: கூகுள் வேண்டாம் என்றேனே. அது ஹைபெக். சளி வயிறெல்லாம் பரவியவர்களுக்குப் பல மணி நேரம் நின்று கட்டி படிந்த சவ்வை உரித்தெடுத்துவிட்டு, 41 முதல் 43 டிகிரி சூட்டில் மருந்தை ஒன்று, ஒன்றரை மணி நேரம் வயிற்றுக்குள்ளேயே சுற்றவிடுவார்கள். பெரிய ஆபரேசன். அம்மானுக்கு அதில் வேலையே இல்லை.

தேவகோட்டை பெரியத்தா: இருந்தாலும் அடையாறில் ஒரு தடவை காட்டிவிட்டால் என்ன? 1954இல் அதை ஆரம்பித்த முத்துலட்சுமி ரெட்டி நம் புதுக்கோட்டைக்காரர்தானே.

மதுரை உமா: காட்டலாம், தப்பில்லை. ஆனால் அம்மானுக்கு முன்னால் ஸ்லைடு போக வேண்டும். வெட்டியெடுத்த சதையை வைத்திருக்கும் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகுத் துண்டையும் லேப்பில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள், இந்த மாதிரி அபூர்வமானதை, சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் இன்னொரு டாக்டர், அதாவது பேத்தாலஜிஸ்ட், பார்ப்பது நல்லது. கூடவே கட்டியின் அடையாளம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சி.இ.ஏ. பரிசோதனை, பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஒரு கொலனோஸ்கோபி. இந்த மாதிரி ஆள்களுக்குப் பெருங்குடலிலும் ஏதாவது இருக்கலாம் என்பதால் பார்த்துவிடுவது வழக்கம். அப்புறம் வருசத்துக்கு ஒரு ஸ்கேன் போதும், அதுவே வேண்டாம் என்று சொல்கிற டாக்டர்களும் உண்டு.

கோட்டையூர் அம்மான்: கொலனோஸ்கோபிக்கு முதல் நாள் சாப்பிடக்கூடாதாமே. வெள்ளிக்கிழமை படைப்பு இருக்கிறது ஆத்தா.

மதுரை உமா: படைப்பை முடித்துவிட்டே வாருங்கள், ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. அயித்தை, ரிப்போர்ட் ஒரிஜினலை இன்சூரன்ஸுக்கு அனுப்பிவிடாதீர்கள், நாலு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூர் அம்மான்: ஜெராக்ஸ் கடைக்காரன் ஒன்பதரைக்குத்தான் திறப்பான். சட்டையைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன்.