ஜார்ஜ் டவுன் சுவரோவியங்கள்: வழிகாட்டியுடன் நடப்பதா, வரைபடத்துடன் நாமே நடப்பதா?

மயிலைப்பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் விடுமுறையில் அம்மா, கணவர், ஓவியம் பயிலும் மகள் ஆகியோருடன் மலேசியாவின் பினாங்குக்குச் செல்லவிருக்கிறேன். ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில் உள்ள சுவரோவியங்களைப் பார்க்க வேண்டும் என்பது மகளின் நெடுநாள் விருப்பம். வழிகாட்டி ஒருவர் உடன்வர இரண்டு மூன்று மணி நேரம் நடந்தே பார்க்கும் சுற்றுகள் அங்கே பல நடக்கின்றன என்று அறிகிறேன். ஓவியங்கள் இருக்கும் இடங்களைக் குறித்த வரைபடங்களோ இலவசமாகவே கிடைக்கின்றன. தெருவில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருப்பதைக் காட்டுவதற்கு ஒருவருக்குக் கட்டணம் எதற்கு என்று என் கணவர் கேட்கிறார். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே தோன்றுகிறது. பல ஓவியங்கள் மங்கிவிட்டன என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்பதால் நீண்ட தூரம் நடக்க இயலாது. நேரில் பார்த்தவர்களும் அங்கே வசிப்பவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தஞ்சோங்வாசி எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். ஓவியங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் என்றால் வழிகாட்டி தேவையே இல்லை. ஆர்மேனியன் தெருவில் மிதிவண்டி ஓட்டும் சிறுமியையும் அவள் பின்னால் அமர்ந்து பிடித்துக்கொண்டிருக்கும் தம்பியையும் காண வேண்டுமானால், ஒளிப்படத்துக்காக வரிசையில் நிற்கும் கூட்டமே உங்களுக்கு வழி காட்டிவிடும். அந்தச் சுவர் ஏன் அங்கே அப்படி நிற்கிறது, அதன் மேல் ஏன் படம் வந்தது என்பதைத்தான் வரைபடம் சொல்லாது. நல்ல வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் அதற்கானது.

சுருக்கமாகச் சொல்கிறேன். இந்நகரில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதனால் எளிய குடும்பங்களும் சிறுதொழில் செய்பவர்களும் நகரின் நடுவிலேயே குறைந்த வாடகைக்கு, கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடுகளில் குடியிருந்தார்கள். உரிமையாளர்களுக்கு வருமானம் இல்லாததால் வீடுகள் பழுது பார்க்கப்படவும் இல்லை, இடிக்கப்படவும் இல்லை. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியதும் வாடகை ஏறியது, ஏராளமானோர் வெளியேறினார்கள், பல வீடுகள் பூட்டிக் கிடந்தன, சிலவற்றில் உணவாக விற்கும் கூட்டுக்காக உழவாரன் குருவிகளைக்கூட வளர்த்தார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இணைத்தபோது நகரின் நிலை இதுதான். மறு ஆண்டு மாநில அரசு நடத்திய போட்டியிலிருந்து பிறந்தவைதாம் இன்று மூலைக்கு மூலை தெரியும் 52 இரும்புக் கம்பிக் கேலிச்சித்திரங்கள். அதன்பின் 2012இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சக்காரெவிச் வரைந்த சில சுவரோவியங்கள் உலகெங்கும் பேசப்பட்டன. இந்த வரிசை தெரிந்து பார்ப்பவருக்கு மிதிவண்டிப் பிள்ளைகள் வேடிக்கையாக மட்டும் தெரிய மாட்டார்கள். அத்தகைய பிள்ளைகள் விளையாடிய தெருவிலிருந்து குடும்பங்கள் போய்விட்ட பிறகு அந்தப் படம் வந்தது என்பதும் உறைக்கும்.

உங்கள் மகளுக்காக இன்னொன்று. சக்காரெவிச் சுவரில் ஏற்கெனவே இருப்பதை ஓவியத்துக்குள் இழுத்துக்கொள்பவர். முன்ட்ரி தெருவில் நீல உடையணிந்த பெரிய சிறுமி, இரண்டு சாளரங்களின் மேல்விளிம்புகளில் கைகளை ஊன்றித் தன்னைத் தூக்கிக்கொள்கிறாள்; அந்தச் சாளரங்கள் உண்மையானவை, அவை இல்லாவிட்டால் படமே இல்லை. ஆ குவீ தெருவில் பையன் அமர்ந்திருப்பது உண்மையான பழைய மோட்டார் சைக்கிள். கேனன் தெருவில் மேலே எட்டிப் பிடிக்க முயலும் சிறுவன் நிற்பது உண்மையான நாற்காலி. ஓவியம் பயில்பவர் இவற்றின் முன் நின்று வரைந்து பார்க்க விரும்புவார். ஆகவே, ஓரிடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க விடாத பெருங்கூட்டச் சுற்றில் சேராதீர்கள்.

காரைச்சுவர் எழுதியது:

நான் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் பணியில் இருப்பவள். மங்கிவிட்டன என்று கேள்விப்பட்டதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் இதை ஒரு குறையாகவே எல்லோரும் சொல்கிறார்கள்.

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டப்பட்டவை. நிலத்திலிருந்து ஈரம் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும் என்பதால்தான் சுவர் நூறாண்டு தாங்குகிறது. அதன் மேல் இக்காலத்து அக்ரிலிக் சாயத்தைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, உப்புப் பூத்து, காரையோடு சேர்த்துச் சாயத்தையும் உரித்துத் தள்ளிவிடும். வெயிலும் கடற்காற்றும் மழையும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பினாங்கு சாலையில் ஓய்ந்து கிடக்கும் ரிக்‌ஷாக்காரரை வரைந்த பெரிய சுவர் வெளிறியதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. படத்தைக் காப்பாற்றப் போய் அதன்மேல் ஒளிபுகும் பூச்சு ஒன்றை அடித்தால் சுவருக்குக் கேடு. சுவரைக் காப்பாற்ற நினைத்தால் படம் போவதை ஒப்புக்கொள்ள வேண்டும். என் தொழில் சார்ந்து நான் சுவரின் பக்கம்தான் நிற்பேன், அதற்காக ஓவிய அன்பர்கள் என்னை மன்னிக்கட்டும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: அழிந்துபோன ஓவியம் இருந்த ஒரு சுவரின் முன்னாலும் நிறுத்துவீர்களா? அப்படி நிறுத்துபவர் கட்டடத்தைப் பற்றியும் அதில் இருந்தவர்களைப் பற்றியும் தெரிந்து வைத்திருப்பார். படம் தெளிவாக இருக்கும் இடங்களுக்கு மட்டுமே அழைத்துச் செல்பவர் ஒளிப்படக் கோணங்களைத்தான் சொல்லித் தருவார்.

தனிவழி எழுதியது:

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன், ஆனாலும் உடன்பட இயலவில்லை. தெருவோவியம் என்பதே முன்னறிவிப்பின்றி எதிர்ப்பட வேண்டிய ஒன்று. சந்து திரும்பியதும் எதிரே ஒரு பெரிய முகம் நம்மைப் பார்க்கிறதே, அந்தத் திடுக்கிடலை ஒருவர் முன்கூட்டியே விளக்கிச் சொல்லிவிட்டால் மிஞ்சுவது என்ன? நான் விடியற்காலையில், கடைகள் திறப்பதற்கு முன்பு, எந்தப் பட்டியலும் இல்லாமல் நடந்தேன். ஆர்மேனியன் தெருவில் அப்போது பூனைகளும் கூட்டிப் பெருக்குபவர்களும் மட்டுமே இருந்தார்கள்.

மேலும், கம்பிச் சிற்பங்கள் தம்மைத் தாமே விளக்கிக்கொள்கின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் அந்த இடத்தைப் பற்றிய குறிப்பு ஆங்கிலத்தில் உண்டு, நகைச்சுவையும் உண்டு. உலகப் புகழ்பெற்ற காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ பினாங்குக்காரர். அவர் தொழில் பழகிய இடம் இதுவென்று லீத் தெரு மூலையில் ஒரு சிற்பம் சொல்கிறது. லவ் லேன் என்னும் சந்தில், மனைவியிடம் அகப்படாமல் மாடியிலிருந்து நழுவும் கணவன் தொங்கிக்கொண்டிருக்கிறான். இதற்கெல்லாம் உரைகாரர் தேவையில்லை. தெருநாய்களுக்கும் பூனைகளுக்கும் இரக்கம் காட்டச் சொல்லி 2013 விழாவில் வரையப்பட்ட பூனைப் படங்களும் அப்படியே. ஆ குவீ தெருவில் புரூஸ் லீ பூனையை உதைக்கும் படத்தின் அருகே, உண்மையான புரூஸ் லீ இப்படிச் செய்யவே மாட்டார் என்று எழுதியிருக்கும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இவை ஆட்சியாளர் கண்ணுக்குத் தப்பி இரவில் வரைந்த எதிர்ப்புக் கலை அல்ல; விழாவும் அரசும் அழைத்து வந்த கலை. அதே சக்காரெவிச் 2013இல் மலேசியாவின் தென்கோடி நகரான ஜொகூர் பாருவில், தெருமூலையின் ஒரு பக்கம் விலையுயர்ந்த கைப்பையுடன் வரும் லெகோ பொம்மைப் பெண்ணையும் மறுபக்கம் கத்தியுடன் காத்திருக்கும் லெகோ திருடனையும் வரைந்தார். நகரின் குற்றநிலையைக் குத்திக் காட்டிய அந்தப் படத்தின் மேல் நகராட்சி வெள்ளையடித்துவிட்டது. ஒரு நகரில் சுற்றுலா விளம்பரமானவரின் கையே அடுத்த நகரில் அழிக்கப்பட்டதைச் சொல்லாமல் தெருவோவியம் பற்றி மூன்று மணி நேரம் பேசும் வழிகாட்டி இருந்தால், அவருக்குப் பணம் கொடுக்கவே வேண்டாம்.

மயிலைப்பயணி எழுதியது:

மூவருக்கும் நன்றி. புரூஸ் லீ படத்தைப் பற்றிப் படித்ததும் மகள் உரக்கச் சிரித்துவிட்டாள். ஒரு காலைப் பொழுது தனியாகவும் மற்றொரு நாள் வழிகாட்டியுடனும் போகலாமா என்று இப்போது எண்ணுகிறேன். அப்படியானால் எதை முதலில் செய்வது? அம்மாவை எப்படி அழைத்துச் செல்வது? தமிழர் தொடர்பான ஓவியம் ஏதேனும் அந்தச் சுற்றில் வருமா என்று அம்மா கேட்கிறார்.

தஞ்சோங்வாசி எழுதியது:

முதலில் தனியாக நடங்கள், பிறகு வழிகாட்டியுடன் போங்கள். தனிவழி அவர்கள் சொன்ன திடுக்கிடல் உங்களுக்குக் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு மகளிடம் கேள்விகளும் சேர்ந்திருக்கும். எடுத்துக்காட்டாக, கேனன் தெருவில் நாற்காலிச் சிறுவனைப் பார்ப்பவர் அந்தத் தெருவுக்குப் பீரங்கியின் பெயர் ஏன் வந்தது என்று கேட்காமலா இருப்பார்? அப்பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும், 1867இல் இரகசியச் சங்கங்களுக்கிடையே மூண்ட பெருங்கலவரத்தைப் பற்றி அங்கே நின்று ஒரு வழிகாட்டி பேசினால், சீனர், மலாய்க்காரர், இந்திய முஸ்லிம்கள் என எல்லோரும் இரு அணிகளிலும் எப்படிக் கலந்து நின்றார்கள் என்பதும் சேர்ந்து வரும்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஸ்டூவர்ட் சந்தில் ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா வரைந்த இந்தியப் படகோட்டியின் பெரிய படம் ஒன்று உண்டு. அக்காலத்தில் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே படகு செலுத்தியவர்களில் தமிழ் முஸ்லிம்கள் பலர். அங்கிருந்து சிறிது தூரத்திலேயே குயீன் தெருவின் மகாமாரியம்மன் கோவில் இருக்கிறது. அது 1833இல் எழுந்தது. உண்மையைச் சொன்னால், இந்நகரில் நம்மவர்கள் வாழ்ந்த அளவுக்குச் சுவர்களில் நம் முகங்கள் இல்லை என்பது எங்களுக்குள் இருக்கும் மனக்குறை. ஆகவே லிட்டில் இந்தியா வழியாகவும் செல்லும் சுற்றா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். தமிழ் பேசும் உரிமம் பெற்ற வழிகாட்டி கிடைப்பாரா என்றும் விசாரியுங்கள்.

நடையைப் பொறுத்தவரை, முக்கியமான ஓவியங்கள் எல்லாம் பழைய நகருக்குள் அருகருகேதான் இருக்கின்றன. சிக்கல் தூரத்தில் இல்லை, கடைவீடுகளின் முன்னால் கூரையுடன் ஓடும் ஐந்தடி நடைபாதைகளில் இருக்கிறது: வீட்டுக்கு வீடு தளத்தின் உயரம் மாறும், இடையில் மோட்டார் சைக்கிள்களும் கடைச் சரக்கும் நிற்கும், முழங்கால் வலி உள்ளவர் தெருவில் இறங்கி ஏறவேண்டி வரும். அம்மாவுக்கு டிரைஷா என்னும் மூன்று சக்கர மிதிவண்டி ரிக்ஷா அமர்த்துங்கள். ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள். நீங்கள் நடக்க, அவர் வண்டியில் உடன் வரட்டும். வழிகாட்டிச் சுற்றையும் காலை எட்டு மணி போலத் தொடங்குவதே நல்லது, பதினொன்றுக்கு மேல் வெயில் தாங்காது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வருவதானால் குடை அவசியம்.

கடைசியாக, சுவருக்குப் பின்னால் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். கடல்நீரின் மேல் கால்நட்டுக் கட்டிய குடியிருப்பான சியூ ஜெட்டியின் மரவீடுகளில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வாசலில் படம் எடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் அதை மதியுங்கள். ஞாயிற்றுக்கிழமை தங்குவதாக இருந்தால், பழைய பேருந்துப் பணிமனையைக் கலைக்கூடமாக்கிய ஹின் பஸ் டிப்போவுக்கு மகளை அழைத்துச் செல்லுங்கள். 2014இல் சக்காரெவிச் தம் முதல் தனிக் கண்காட்சியை அங்கேதான் வைத்தார். அன்று அங்கே சந்தை கூடும். உட்கார நிழலான இடமும் இருப்பதால் அம்மா ஓய்வெடுக்கலாம், மகள் விருப்பப்படி வரையலாம்.