டிலீட்லேட்டர் போட்டா க்ராஷ் போயிடுமா?

பொட்டலம்:
எங்க கியூட்டி (Qt, சி++-ல விண்டோ, பட்டன் கட்டற லைப்ரரி) அப்ளிகேஷன்ல செட்டிங்ஸ் விண்டோவை மூடினா சில கஸ்டமர் மெஷின்ல மட்டும் மொத்தமும் விழுது. என் மெஷின்ல நூறு தடவை மூடிப் பாத்தேன், கல்லு மாதிரி நிக்குது. கடைசியா, ஆப்ஜெக்ட்டை உடனே அழிக்கற டிலீட்னு இருந்ததையெல்லாம், கொஞ்சம் தள்ளி அழிக்கற டிலீட்லேட்டர்னு மாத்தி நேத்து ராத்திரி அனுப்பிட்டேன். இன்னிக்கு ஒரு புகாரும் வரல. இன்டர்ஃபேஸ் கோட்ல வெறும் டிலீட் எழுதவே கூடாதுங்கறது என் கட்சி.

சுட்டிப்பையன்:
இன்னிக்கு ஞாயித்துக்கிழமை ஜி. புகார் எப்படி வரும்?

டிலீட்லேட்டர் கொலையைத் தடுக்காது, வாய்தா வாங்கும், அவ்வளவுதான். க்ளிக், பதில்னு வர்றதை ஒவ்வொண்ணா எடுத்து நடத்தற ஈவென்ட் லூப்புக்குக் கன்ட்ரோல் திரும்பினதும் ஆப்ஜெக்ட் போயிடும். சிக்னல் ("இது நடந்துச்சு"ங்கற அறிவிப்பு) அனுப்பின ஆப்ஜெக்ட்டையே, அந்த சிக்னலுக்கு ஓடற ஸ்லாட் ஃபங்ஷனுக்குள்ள அழிக்கணும்னா அது சரியான மருந்து. நெட்வொர்க் ரிப்ளைக்கு (சர்வர் பதிலை வெச்சிருக்கற ஆப்ஜெக்ட்) கியூட்டி ஆவணமே அதைத்தான் சொல்லுது. உங்க வியாதி அதுதானா? அந்த விண்டோ சர்வர்கிட்ட ஏதாவது கேக்குதா?

பொட்டலம்:
திறந்ததும் லைசென்ஸ் தேதி கேக்கும். ரிப்ளையோட ஃபினிஷ்டு சிக்னலை ஒரு லாம்டாவோட (பேரில்லாத குட்டி ஃபங்ஷன்) கனெக்ட் பண்ணியிருக்கேன். அது திஸ்ஸை, அதாவது அந்த விண்டோவோட முகவரியை, பிடிச்சு லேபிள்ல தேதியை எழுதும். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சுட்டிப்பையன்:
அங்கதான் பாம்பு படுத்திருக்கு. ரிப்ளைக்குப் பேரன்ட், அதாவது தான் போகும்போது அதையும் அழிக்கற சொந்தக்காரன், நெட்வொர்க் மேனேஜர்தான், உங்க விண்டோ இல்ல. மேனேஜர் அப்ளிகேஷன் முழுக்க உயிரோட இருக்கு. கஸ்டமர் விண்டோவை மூடிட்டுப் போயிட்டார், மூணு செகண்ட் கழிச்சுப் பதில் வருது, லாம்டா செத்த திஸ்ஸைத் தொடுது. உங்க மெஷின்ல சர்வரும் அங்கேயே ஓடும், நீங்க மவுஸை நகத்தறதுக்குள்ள பதில் வந்திருக்கும்.

கனெக்ட்ல லாம்டாவுக்கு முன்னாடி, மூணாவது ஆர்க்யூமென்ட்டா திஸ்ஸைக் குடுங்க. கியூட்டி 5.2-லேர்ந்து இருக்கற வசதி. விண்டோ போனா கனெக்‌ஷன் தானா அறுந்துடும்.

குவியல்:
இந்தத் தொல்லையே வேணாம்னுதான் சி++11-ல, வெச்சிருக்கற கடைசி ஆள் விட்டதும் ஆப்ஜெக்ட்டைத் தானா அழிக்கற ஷேர்டு பாயின்டர் குடுத்தாங்க. எல்லா விட்ஜெட்டையும் (விண்டோ, பட்டன், லேபிள்) அதுல போடுங்க, நிம்மதியாத் தூங்குங்க. யார் யாருக்குப் பேரன்ட்னு ஜாதகம் பாத்துட்டு இருக்கறது 90-கள் பழக்கம்.

அடுக்குமாடி:
தம்பி, ஒரு பிள்ளைக்கு ரெண்டு எமன் வேணாம். பேரன்ட் குடுத்த விட்ஜெட்டைப் பேரன்ட் அழிக்கும், அப்புறம் உங்க ஷேர்டு பாயின்டர் வந்து அதையே இன்னொரு தடவை அழிக்கும். லாம்டாவுக்குள்ள ஷேர்டு பாயின்டரைப் பிடிச்சீங்கன்னா இன்னும் அழகு: மூடின விண்டோ பதில் வர்ற வரைக்கும் சாகாது. இருக்கா இல்லையான்னு பாக்க மட்டும்னா கியூட்டியோட கியூபாயின்டர் போதும், ஆப்ஜெக்ட் போனதும் அது நல் (null, வெறுமை) ஆயிடும்.

குவியல்:
எப்பவும் ரெண்டு தடவை அழியாதுண்ணே. பேரன்ட்டோட மெம்பராவே யூனிக் பாயின்டர் (ஒரே சொந்தக்காரன் மட்டும் உள்ளது) இருந்தா, பிள்ளைதான் முதல்ல போகும். போகும்போதே பேரன்ட் லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துக்கும். நான் தினம் எழுதற கோடு அது.

அடுக்குமாடி:
அந்த ஒரு இடத்துல சரி, ஒத்துக்கறேன். ஆனா நீங்க சொன்னது "எல்லா விட்ஜெட்டையும்".

பொட்டலம்:
சர்வர்ல அஞ்சு செகண்ட் தூங்க வெச்சு, செத்த மெமரியைத் தொட்டாப் பிடிச்சுக் குடுக்கற அட்ரஸ் சானிடைசர் போட்டு பில்ட் பண்ணேன். முதல் தடவையே விழுந்தது, டிலீட்லேட்டர் இருந்தும். தொட்ட இடம், அழிச்ச இடம், பிறந்த இடம்னு மூணு ஸ்டாக்கும் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டதுங்கற பட்டியல்) வந்தது. தொட்ட இடம் அந்த லாம்டாவேதான். மூணாவது ஆர்க்யூமென்ட் குடுத்ததும் நின்னுடுச்சு. கியூட்டி கோட்ல தப்பு தேடற கிளேசியை ஓட்டினா இதே மாதிரி இன்னும் ஏழு லாம்டா காட்டுது.

டிலீட்லேட்டரை மட்டும் எடுக்க மாட்டேன்.

சுட்டிப்பையன்:
இருக்கட்டும் ஜி. அந்த ஏழையும் திங்கக்கிழமைக்கு முன்னாடி மாத்திடுங்க.