பாலினக் கல்வி கோர்ஸுக்குப் பிறகு மாணவர் மனநிலை மாறியதா, எதை வைத்து அளப்பது?

(கேள்வியும் பதில்களும்; ஒவ்வொன்றின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

வெள்ளைத்தாள்

வணக்கம். இளநிலை மாணவர்களுக்கு ஒரு செமஸ்டர் பாலினக் கல்வி எலெக்டிவ்: 15 வாரம், வாரத்துக்கு 2 மணி நேரம், வகுப்பில் 40 பேர். முதல் வாரமும் கடைசி வாரமும் அம்பிவேலன்ட் செக்ஸிசம் இன்வென்டரி (ஏஎஸ்ஐ) என்ற, பாலினவாத மனநிலையை அளக்கும் 22 கூற்று வினாத்தாளைக் கொடுத்து, இரண்டு சராசரிக்கும் டி-டெஸ்ட் (வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் சோதனை) போடுவதாகத் திட்டம். சந்தேகங்கள் மூன்று. 22 கூற்றுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் எடுக்கலாமா? ஒப்பீட்டுக் குழு (கோர்ஸ் எடுக்காதவர்கள்) இல்லாமல் ஓட்டிவிட முடியுமா? வெளிப்படையான வெறுப்பு இறங்கினாலும் ‘பாதுகாக்கிறேன்’ வகைப் பாலினவாதம் அசையாது என்கிறார்களே, பாடத்தில் எதை மாற்றினால் அதுவும் அசையும்?

அளவுகோல்

முதல் சந்தேகத்துக்கு மட்டும் சொல்கிறேன். ஒரே மதிப்பெண் எடுக்காதீர்கள், எடுத்தால் மூன்றாவது கேள்விக்கான பதில் அங்கேயே புதைந்துவிடும்.

உளவியலாளர்கள் கிளிக், ஃபிஸ்க் இருவரும் 1996-ல் இந்த அளவுகோலை வெளியிட்டபோதே அது இரண்டு பாதி. பகைமைப் பாலினவாதத்துக்கு (நீங்கள் சொன்ன வெளிப்படையான வெறுப்பு) 11 கூற்று, பரிவுப் பாலினவாதத்துக்கு (பாதுகாக்கிறேன் வகை) 11 கூற்று, பதில் 0 முதல் 5 வரை. பரிவுப் பகுதிக்குள்ளேயே மூன்று கிளை உண்டு: பெண்ணைக் காக்க வேண்டியவளாகப் பார்ப்பது, ஆணுக்கு இல்லாத நற்குணம் அவளுக்கு இயல்பு என்று நம்புவது, பெண் துணை இல்லாத ஆண் முழுமையில்லை என்று நினைப்பது. 2000-ல் 19 நாடுகளில் செய்த ஒப்பீட்டில் இரண்டு பாதியும் சேர்ந்தே ஏறி இறங்கின. பரிவுப் பகுதியில் பல நாடுகளில் பெண்களும் ஆண்களுக்கு இணையாக ‘ஆம்’ சொன்னார்கள். அதனால் ஆண், பெண் முடிவுகளைத் தனித்தனியாகக் காட்டுங்கள். பகுப்பாய்வில் ஒரு பாதியைச் சோதிக்கும்போது மற்றதையும் அதே மாடலுக்குள் (புள்ளியியல் சமன்பாட்டுக்குள்) வையுங்கள்.

கணக்கில் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று. மூல வடிவத்தில் 3, 6, 7, 13, 18, 21 ஆகிய கூற்றுகள் தலைகீழ், அதாவது அவற்றுக்கு உடன்பட்டால் பாலினவாதம் குறைவு என்று பொருள். 0–5 அளவில் அவற்றை 5-லிருந்து கழிக்க வேண்டும். 1–6 என்று அச்சிட்டிருந்தால் 7-லிருந்து. கழிக்க மறந்தாலோ தப்பான எண்ணிலிருந்து கழித்தாலோ சராசரி நகர்ந்துவிடும், அது கண்ணுக்குத் தெரியாது. மறந்துவிட்டோம் என்பதற்கு அடையாளம், அந்தக் கூற்றுக்கும் மீதிக் கூற்றுகளின் மொத்தத்துக்கும் உள்ள தொடர்பு மைனஸில் வருவது. தப்பான எண்ணில் கழித்தால் தொடர்பு கெடாது. ஆகவே திருப்பிய மதிப்பெண்களில் ஆகக் குறைந்த எண்ணும் ஆகக் கூடிய எண்ணும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழில் கொடுப்பதாக இருந்தால் ‘இல்லை’, ‘அல்ல’ என்று முடியும் தலைகீழ்க் கூற்றுகள் பாடாய்ப்படுத்தும். ‘பெண்கள் அப்படி நினைப்பதில்லை’ என்பதற்கு ‘உடன்படவில்லை’ என்று டிக் போடும்போது பாதிப் பேர் தடுமாறுவார்கள். எட்டுப் பத்துப் பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கூற்றையும் தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

புள்ளிக்கணக்கு

ஒப்பீட்டுக் குழு இல்லாவிட்டால் அது ஆய்வு இல்லை, பாராட்டுக் கடிதம். கொஞ்சம் கடுமைதான், ஆனால் காரணம் இருக்கிறது.

எலெக்டிவ் என்றால் விரும்பித்தான் வருகிறார்கள். முதல் வாரமே பகைமை மதிப்பெண் தரையோடு ஒட்டியிருக்கும், மேலும் இறங்க இடமில்லை. ஆரம்பத்தில் உச்சத்தில் நின்ற நாலைந்து பேர் இரண்டாம் முறை சும்மாவே சராசரியை நோக்கி நகர்வார்கள், அதைக் கோர்ஸின் சாதனை என்று எழுதிவிடுவோம். கூடவே இன்னொன்று: 15 வாரத்தில் ‘சரியான பதில் எது’ என்று அவர்கள் படித்துவிட்டார்கள். மார்க் போடும் ஆசிரியரே தாளையும் வாங்கினால் மனநிலை மாற்றம் எது, பரீட்சை பதில் எது என்று பிரிக்கவே முடியாது. தாளைக் கொடுத்து வாங்க வேறு ஆள் வேண்டும், பெயருக்குப் பதில் குறியீடு வேண்டும். குறியீட்டில் மாறாத விஷயங்களை மட்டும் வையுங்கள்: அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, பிறந்த ஊரின் கடைசி எழுத்து. போன் நம்பர் வைத்தால் நடுவில் மாற்றிவிட்டு வந்து நிற்பார்கள்.

இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் சீட்டுக் குலுக்குங்கள். இடம் கிடைக்காமல் அடுத்த செமஸ்டருக்குக் காத்திருப்பவர்கள்தான் மிகச் சிறந்த ஒப்பீட்டுக் குழு. அதற்கு வழியில்லையென்றால் அதே ஆண்டில் வேறு எலெக்டிவ் எடுத்தவர்களை, அதே இரண்டு வாரங்களில் அளக்கலாம்.

எண்ணிக்கை: ஒரே குழுவை முன்பின் ஒப்பிட்டால், 40 பேரை வைத்து 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக்கூடிய மாற்றம் சுமார் 0.45 திட்ட விலக்கம் (இங்கே அது, ஒவ்வொருவரின் மாற்றமும் சராசரி மாற்றத்திலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு). 0.3 அளவுக்கு 90 பேர் தேவை. இரண்டு தனிக் குழு என்றால், மதிப்பெண்களின் திட்ட விலக்கத்தில் அதே 0.3 வித்தியாசத்துக்குக் குழுவுக்கு 175 பேர். முதல் அளவீட்டை ஆன்கோவாவில் (தொடக்க வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக் குழுக்களை ஒப்பிடும் முறை) சேர்த்தால், இரண்டு அளவீடுகளுக்கும் தொடர்பு 0.7 இருக்கும் பட்சத்தில், அது ஏறக்குறைய 90-க்கு இறங்கும். ஒரு வகுப்பு பத்தாது, மூன்று நான்கு செமஸ்டர் சேர்க்க வேண்டியிருக்கும். சேர்க்கும்போது வகுப்பு வாரியான ஒற்றுமையையும் (ஒரே வகுப்பில் இருப்பவர்களின் பதில்கள் ஒத்துப்போகும் அளவு) கணக்கில் கொள்ளுங்கள்: 40 பேர் வகுப்பில் அது 0.05 இருந்தாலே தேவைப்படும் எண்ணிக்கை மூன்று மடங்கை நெருங்கும்.

சராசரியோடு நிறுத்தாமல் பரவலையும் வரைந்து பாருங்கள். சராசரி அப்படியே நின்று திட்ட விலக்கம் அகன்றிருந்தால், ஒரு கூட்டம் இறங்கியிருக்கிறது, இன்னொன்று முறைத்துக்கொண்டு ஏறியிருக்கிறது.

கரும்பலகை

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பகைமைக் கூற்றுகள் வாசித்தவுடனே திட்டு மாதிரி ஒலிக்கும், மாணவர் தானாகக் கையை இழுத்துக்கொள்வார். ‘ஆபத்தென்றால் பெண்களை முதலில் காப்பாற்ற வேண்டும்’ என்ற பொருளில் ஒன்று வந்தால் அதே மாணவர் நெஞ்சை நிமிர்த்தி 5 போடுவார். அவரைப் பொறுத்தவரை அது பண்பாடு. சமத்துவம் பற்றிப் பொதுவாக எத்தனை மணி நேரம் பேசினாலும் இந்த 5 இறங்காது, ஏனென்றால் பேச்சு அந்த இடத்தைத் தொடவே இல்லை.

நேராகத் தொட வேண்டும். லேப் காட்சி ஒன்றை எடுங்கள். மூவர் குழு, இரண்டு பையன், ஒரு பெண். ‘உன் கையெழுத்து அழகா இருக்கு, ரெக்கார்டு நீ எழுது, கனெக்‌ஷன் நாங்க பாத்துக்கிறோம்.’ இதில் ஒரு கெட்ட வார்த்தை கூட இல்லை. செமஸ்டர் முடிவில் மல்டிமீட்டரைத் தொடாத ஒரே ஆள் யார் என்று கேளுங்கள். அப்புறம்தான் பரிவுப் பாலினவாதம் என்ற சொல்லையே பலகையில் எழுத வேண்டும். முதலிலேயே எழுதினால் நல்லவனைக் குற்றவாளி ஆக்குகிறார்கள் என்று கை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இரண்டாவது, நாட்குறிப்பு. உளவியலாளர்கள் பெக்கர், ஸ்விம் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடம் எதிர்ப்படும் பாலினவாத நிகழ்வுகளைக் கவனித்துப் பதிவு செய்த பெண்களிடம் பாலினவாத நம்பிக்கைகள் குறைந்தன. ஆண்களுக்கு வெறுமனே கவனித்தது போதவில்லை, பாதிக்கப்பட்டவரின் உணர்வை எண்ணிப் பார்க்கவும் வேண்டியிருந்தது. ஆகவே பதிவுத் தாளில் ‘என்ன நடந்தது’ என்ற பத்தியோடு ‘அவருக்கு அந்த நேரம் எப்படி இருந்திருக்கும்’ என்று இன்னொரு பத்தி வையுங்கள். ஏழு நாள் போதும், நீட்டினால் ஞாயிறு இரவில் உட்கார்ந்து மொத்தமாகக் கற்பனை செய்து நிரப்புவார்கள். இந்தத் தாளுக்கு மார்க் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வெள்ளைத்தாள்

நன்றி. பரிவுப் பகுதி கடைசியில் *ஏறினால்* என்ன சொல்வது? முதல் வாரத்தில் கூற்றின் பொருளே புரியாமல் குறைவாகப் போட்டிருந்தால்?

புள்ளிக்கணக்கு

அது நடக்கும், அளக்கும் கோலே இடையில் மாறிவிட்டது என்று பொருள். கடைசி வாரம் இப்போதைய பதிலை முதலில் வாங்கிவிட்டு, தனித் தாளில் ‘முதல் வாரத்தில் உண்மையில் எங்கே இருந்தேன் என்று இன்று நினைக்கிறேன்’ என்று அதே கூற்றுகளைக் கேளுங்கள். முதல் வாரத் தாளுக்கு அது மாற்று இல்லை, ‘நான் திருந்திவிட்டேன்’ என்று காட்டும் ஆசை அதில் கலந்திருக்கும். மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். முடிந்தால் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை அளந்து, வராமல் போனவர்களின் முதல் வார மதிப்பெண் வந்தவர்களோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.