பொருள்: ஸ்டேட் ரன் நியூஸ் ஏஜென்சி – அரசாங்கச் செய்தி நிறுவனமா, அரசுடைமைச் செய்தி முகமையா?

வணக்கம்.

ஊடகக் கலைச்சொல் பட்டியலில் ‘ஸ்டேட் ரன் நியூஸ் ஏஜென்சி’ இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. சிங்கப்பூரில் ‘செய்தி நிறுவனம்’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். மலேசியாவின் பெர்னாமாவும் செய்தி நிறுவனம், ராய்ட்டர்ஸும் செய்தி நிறுவனம், தொலைக்காட்சியான சிஎன்ஏவும் செய்தி நிறுவனம். “செய்தி நிறுவனம் ஒன்று அமைச்சிடம் விளக்கம் கேட்டது” என்றால் கேட்டது பத்திரிகையா, தொலைக்காட்சியா, ஏஜென்சியா என்று படிப்பவருக்குப் புரியாது. முன்னால் ‘அரசாங்க’ சேர்த்தால் அமைச்சின் தகவல் பிரிவு என்று நினைத்துக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டில் ‘செய்தி முகமை’ நன்றாகவே வேரூன்றிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு ‘அரசுச் செய்தி முகமை’ என்று வைக்கலாமா?

– கு.

-----

> ‘அரசுச் செய்தி முகமை’ என்று வைக்கலாமா?

கு., முகமை எனக்குச் சம்மதம். ‘அரசு’ என்று மொட்டையாக ஒட்டுவதில்தான் சிக்கல்.

முகமை தன் செய்தியை முதலில் ஊடகங்களுக்குத்தான் விற்கிறது. பத்திரிகையும் வானொலியும் அதன் சந்தாதாரர்கள். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்கும் ஈரச்சந்தைக் கடைக்கும் உள்ள உறவு இது. நாடு நாடாகத் தேசிய முகமைகள் தோன்றியதற்குக் காரணமும் இந்த மொத்த வியாபாரம்தான். 1870இல் பிரிட்டனின் ராய்ட்டர்ஸ், பிரான்சின் அவாஸ், ஜெர்மனியின் வோல்ஃப் ஆகிய மூன்று முகமைகளும் உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. பிரிட்டிஷ் பேரரசும் தூரக்கிழக்கும் ராய்ட்டர்ஸுக்கு. மறு ஆண்டே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி வந்தது. அதன் பிறகு இந்த வட்டாரத்துப் பத்திரிகைகளுக்கு உலகச் செய்தி லண்டன் வடிகட்டிக் கொடுத்தபடிதான் கிடைத்தது. பக்கத்து ஊர்ச் செய்திகூட லண்டனுக்கு எது முக்கியமோ அந்த அளவில்தான் வரும். சொந்த முகமை வேண்டும் என்ற வேட்கை அங்கே பிறந்தது.

ஆனால் ஒவ்வொரு நாடும் அதை வேறு வேறு விதமாக அமைத்தது. ஒரே ‘அரசு’ இதற்கெல்லாம் போதாது.

இந்தோனீசியாவின் அந்தாராவை 1937 டிசம்பர் 13 அன்று பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) தொடங்கியவர்கள் ஆடம் மாலிக் உள்ளிட்ட விடுதலை இயக்க இளைஞர்கள். அப்போது அங்கே ஆட்சி டச்சுக்காரர்களுடையது. அந்தாரா அந்த அரசுக்கு எதிராகப் பிறந்தது. 1962இல்தான் அரசின் கைக்கு வந்தது, 2007இல் அரசு நிறுவனமாக மாற்றி அமைக்கப்பட்டது. பெர்னாமா வேறு கதை: 1967இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்து, 1968 மே 20 அன்று வேலையைத் தொடங்கிய கழகம். சீனாவின் சின்ஹுவா 1931இல் கம்யூனிஸ்ட் கட்சியின் செய்திப் பிரிவாகத் தொடங்கி, இன்று அமைச்சுக்கு நிகரான நிலையில் இருக்கிறது. பிரான்சின் ஏஎஃப்பிக்குப் பங்குதாரரே கிடையாது. 1957ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தன்னாட்சி அமைப்பாக்கியது. ஆனாலும் பிரெஞ்சு அரசின் பணம் அதற்குப் போகிறது.

இந்தியாவின் பிடிஐயை அரசு முகமை என்று எழுதுவது நம்மிடையே அடிக்கடி நடக்கும் பிழை. அது 1947 ஆகஸ்ட் 27 அன்று சென்னையில் பதிவாகி, 1949 பிப்ரவரி 1 முதல் இயங்குகிறது. உடைமையாளர்கள் பத்திரிகைகள், முதல் தலைவர் ‘தி இந்து’வின் கஸ்தூரி சீனிவாசன். லாபம் பங்கிடுவதில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 பிப்ரவரியில், பிடிஐ, யுஎன்ஐ, இந்துஸ்தான் சமாச்சார், சமாச்சார் பாரதி ஆகிய நான்கு முகமைகளையும் இணைத்து ‘சமாச்சார்’ என்று ஒன்றாக்கினார்கள். 1978 ஏப்ரலில் மறுபடி பிரித்தார்கள். அந்த இரண்டு ஆண்டுச் செய்தியை மேற்கோள் காட்டும்போது ‘அரசுக் கட்டுப்பாட்டில் இருந்த முகமை’ என்று எழுத வேண்டும். முன்னும் பின்னும் அப்படி எழுதினால் தவறு.

ஆகவே முன்னொட்டு உடைமையைச் சொல்லட்டும்: அரசுடைமைச் செய்தி முகமை. ‘அரசுடைமை வங்கி’ என்று ஏற்கெனவே சொல்கிறோமே. ‘தேசியச் செய்தி முகமை’ என்பதைத் தனியாக வைத்துக்கொள்வோம். அது ஒரு நாட்டின் பெயரால் இயங்குவதைக் குறிக்கும், உடைமையைப் பற்றி எதுவும் சொல்லாது.

– ரா.

-----

ரா. அக்கா, உடைமைப் பிரிப்பு மிகத் தேவையானது. எனக்கு ‘முகமை’யில்தான் தயக்கம். இங்கே ஏஜென்சி என்றால் பயண முகவை, பணிப்பெண் முகவை. அரசாங்க அமைப்புகளில் அந்தச் சொல் வேறாகிவிடுகிறது. தேசிய சுற்றுப்புற வாரியம் ஆங்கிலத்தில் ஏஜென்சிதான். ‘செய்தி முகவை’ என்று வைத்தால் சிங்கப்பூர் வாசகருக்குப் பழகிய ஒலியாக இருக்காதா?

– சு.

-----

சு., முகவை என்றால் தரகு என்ற பொருள் முன்னால் வந்து நிற்கும்: இரண்டு தரப்பைச் சேர்த்துவைத்துக் கட்டணம் வாங்கும் கடை. செய்தி முகமை அப்படி இல்லை, தன் நிருபரை அனுப்பித் தானே செய்தி எழுதுகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு முகவை என்றால் இராமநாதபுரம். முகமையே இருக்கட்டும்.

‘நிறுவனம்’ ஏன் கூடாது என்பதற்கு மொழிபெயர்ப்பு மேசையில் நாள்தோறும் காரணம் கிடைக்கிறது. அந்தாரா, பெர்த்தமினா எண்ணெய் நிறுவனத்தைப் பற்றி எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் ‘தி ஏஜென்சி செட்’ என்று இருப்பதை “நிறுவனம் கூறியது” என்று போட்டால், பெர்த்தமினாவே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சொன்னவர் மாறிவிட்டார், இது மறுப்பு வெளியிட வேண்டிய அளவுக்குப் பெரிய பிழை. “முகமை கூறியது” என்றால் இந்த வழுக்கல் இல்லை.

ஊர்-தேதி வரியிலும் ஒழுங்கு வேண்டும். “கோலாலம்பூர், மே 20 (பெர்னாமா) –” என்று வருவதில் அடைப்புக்குள் இருக்கும் பெயர்தான் செய்திக்குப் பொறுப்பு. அதை வெட்டிவிட்டுக் கடைசியில் ‘முகமைகள்’ என்று பொதுவாகப் போட்டால், பிறகு முகமை திருத்தம் அனுப்பும்போது எந்தப் பத்தி யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டு முகமைச் செய்தியைக் கலந்து எழுதினால் பத்திக்குப் பத்தி பெயர் வேண்டும்.

– ரா.

-----

சரி, பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

செய்தி முகமை: பிற ஊடகங்களுக்குச் செய்தி, படம், காணொளி தயாரித்து வழங்கும் அமைப்பு.
தேசியச் செய்தி முகமை: ஒரு நாட்டின் பெயரால் இயங்கும் முகமை; உடைமை எதுவாகவும் இருக்கலாம்.
அரசுடைமைச் செய்தி முகமை: அரசுக்குச் சொந்தமானது. காட்டு: அந்தாரா, சின்ஹுவா. பெர்னாமாவுக்கு ‘சட்டத்தால் அமைந்த’ என்பதையும் சேர்க்க.
கூட்டுறவுச் செய்தி முகமை: ஊடகங்களே கூட்டாக வைத்திருப்பது. காட்டு: பிடிஐ.

சிங்கப்பூருக்குத் தேசியச் செய்தி முகமை கிடையாது என்பதால் மீடியாகார்ப்பையோ எஸ்பிஎச் மீடியாவையோ காட்டாகத் தரவில்லை; அவை ‘ஊடக நிறுவனம்’. நீளமான வடிவம் முதல் குறிப்பில் மட்டும், அடுத்து முகமையின் பெயரே போதும். வானொலியில் வாசிப்பவர்களுக்கும் மூச்சு முட்டாது.

சு., ‘முகவை’யைப் பரிசீலித்து விட்டதாக அடிக்குறிப்பில் எழுதிவிடுகிறேன். ஏஎஃப்பியை எந்த வரியில் வைப்பது என்பது மட்டும் பாக்கி.

– கு.