வீடு, காசு எல்லாம் இரிக்கி, சந்தோசம் மட்டும் ஏன் நிக்கிதில்ல?

கல்லடிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளா மண்டைக்குள்ள கிடந்து குடையிற விசயம் ஒண்டு, அதான் கேக்கன். கட்டார்ல நிண்டு உழைச்சு ஊருக்கு வந்து வீடு கட்டி முடிச்சாச்சு, மாபிள் பதிச்சு கேட்டும் போட்டு, தங்கச்சிட கலியாணமும் நல்லபடியா முடிஞ்சிது, கடன் எண்டு ஒண்டும் இல்ல. அங்க ரூம்ல படுத்துக் கிடக்கக்குள்ள இந்த வீட்டத்தான் ஒவ்வொரு நாளும் நினைப்பன், எங்க ஜன்னல் வரணும், எந்தப் பக்கம் மாமரம் வைக்கணும் எண்டு. இப்ப அதே வீட்டுக்குள்ள இரிக்கன், ஆனா குடிபூந்த அண்டு இருந்த சந்தோசம் கொஞ்ச நாளையிலயே எங்க போனதெண்டு தெரியல்ல. சந்தோசம் எண்டா உண்மையில என்ன? காசா, குடும்பமா, இல்ல அது பிறவிக் குணமா? புத்தகப் பதில் வேணாம், உங்கட வாழ்க்கையில தினசரி எது உங்களுக்கு சந்தோசம் தருது எண்டு சொல்லுங்க.

வந்தாறுமூலை மாணவி:
அண்ணா புத்தகப் பதில் வேணாமெண்டு சொன்னாலும் இத மட்டும் சொல்லிட்டுப் போறன், ஏனெண்டா நீங்க சொல்றதும் இதும் ஒண்டுதான். 1978ல அமெரிக்காவில லொத்தர் விழுந்த 22 பேரையும் அவங்கட ஏரியாவிலயே இருந்த சாதாரண ஆக்களையும் விசாரிச்சுப் பாத்தவங்க. லொத்தர் விழுந்தவங்க மத்தவங்கள விடப் பெரிசா ஒண்டும் கூட சந்தோசமா இருக்கல்ல. அதோட கூட்டாளியோட கதைக்கிறது, காலைச் சாப்பாடு, ஒரு பகிடியக் கேட்டு சிரிக்கிறது, இப்பிடி அன்றாட விசயங்கள்ல அவங்களுக்குக் கிடைச்ச சந்தோசம் மத்தவங்கள விடக் குறைவு. பெரிய விசயம் ஒண்டு கிடைச்சா மனசு அதுக்குப் பழகிரும், மறுகா சின்ன விசயம் எல்லாம் சப்பெண்டு போயிரும். உங்கட வீடும் உங்களுக்குப் பழகிட்டு. அது உங்கட குறையில்ல, மனுசர்ட மனசு அப்பிடித்தான் வேலை செய்யிது.

படுவான்கரை அம்மா:
படிச்ச புள்ள சொன்னது சரியா இரிக்கலாம், ஆனா எல்லாத்துக்கும் மனசு பழகாது மனெ. எங்கட பக்கம் நுண்கடன் எடுத்துப்போட்டு கிழமைக்குக் கிழமை கட்டுற பொம்பிளைகளக் கேட்டுப் பாருங்க, ஒழுங்கைக்குள்ள கடன் காசு அறவிட வாறவன்ட மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டாலே நெஞ்சு திக்கெண்டும். நானும் அப்பிடி இருந்தவதான். கடைசிக் காசு கட்டி முடிச்ச பிறகு இண்டைக்கும் மோட்டச்சைக்கிள் ஒண்டு வாசலால போகக்குள்ள எனக்கு ஒரு நிம்மதி வரும் பாருங்க, அது இன்னும் பழசாகல்ல. அதால காசு சந்தோசம் தராது எண்டு ஆரும் சொன்னா நான் ஒத்துக்கொள்ள மாட்டன், இல்லாமைதான் மனுசர முதல்ல தின்னும்.

அதுக்குப் பிறகு வாறதுதான் மத்ததெல்லாம். எனக்கு பின்னேரம் வெயில் தாழ, கீரைப் பாத்திக்குத் தண்ணி ஊத்துற நேரம்தான். பேத்தி சின்ன வாளியில தண்ணி கொண்டு வருவாள், பாதி அவள்ட காலிலயே ஊத்துண்டிரும், மிச்சத்த ஒரே ஒரு கண்டுக்கு மட்டும் ஊத்துவாள், அது அவள்ட கண்டாம். பொழுதுபட வாவியில பிடிச்ச மீன் கிடைச்சா தேங்காய்ப்பால் விட்டு ஒரு புளியாணம், சோறு. வேற என்ன வேணும் எனக்கு.

மத்தளச்சத்தம்:
நான் பகல்ல மேசன் வேல, வயல் வெட்டு முடிஞ்சா ராவில கூத்துப் பழகப் போவன், வடமோடி எண்டுற கூத்து வகை. நாள் முழுக்க சீமெந்து குழைச்ச உடம்பு, வீட்ட போய்ச் சரிஞ்சா எழும்பவே ஏலாது, ஆனா மத்தளச் சத்தம் கேட்டா கால் தானா அந்தப் பக்கம் போகும். தாளக்கட்டு ஒருத்தன் பிழைச்சாலும் கூத்துப் பழக்குற அண்ணாவியார் நிப்பாட்டிருவார், திரும்ப முதல்ல இருந்து எல்லாரும் ஆடணும், ஒருத்தரும் கோவிக்கிறதில்ல. அப்பிடி ஆடி ஆடி ஒரு இடத்தில எல்லார்ட காலும் ஒண்டா விழும் பாருங்க, சதங்கை எல்லாம் ஒரே சத்தமாக் கேட்கும், அந்த நேரத்தில வீட்டுக் கவலை, லீசிங் கட்டுறது, நாளைக்கு வேல இரிக்கா இல்லயா, ஒண்டும் நினைவில வராது. அரங்கேற்றத்த விட எனக்கு இந்தப் பழகுற ராவுகள்தான் பெரிசு. தம்பி, நீங்க வீட்டக் கட்டி முடிச்சிட்டீங்க, இப்ப நாலு பேரோட சேந்து செய்ய உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல, எனக்கு அதுதான் தெரியிது.

வந்தாறுமூலை மாணவி:
மத்தளச்சத்தம் அண்ணா சொன்னத்தான் ஹாவர்ட் பல்கலைக்கழகமும் 1938ல இருந்து ஆக்கள வாழ்க்கை பூரா தொடர்ந்து பாத்துச் சொல்லுது, காசு பேர் புகழ விட நெருக்கமான உறவு உள்ளவங்கதான் வயசு போனாலும் சுகமா சந்தோசமா இருந்திருக்காங்க.

வார்ட் அக்கா:
எல்லாரும் நல்லாச் சொல்லியிருக்கீங்க, ஆனா ஒண்டக் கேக்காம விட்டுட்டீங்க. தம்பி நித்திர எப்பிடி? சாப்பாடு மனமா இரிக்கா? முந்தி விருப்பமாச் செஞ்சது ஒண்டிலயும் மனசு போகாம ரெண்டு கிழமைக்கு மேல நாள் முழுக்க அப்பிடியே கிடந்தா அது வெறும் பழகிப்போனதில்ல, மனச்சோர்வா இரிக்கலாம், அதுக்கு மருந்தும் இரிக்கி, கதைச்சு மாத்துற வழியும் இரிக்கி. ஆஸ்பத்திரில மனநல கிளினிக் போறதுக்கு வெக்கப்படவே கூடாது, போக ஏலாட்டி இலங்கையில மனநல உதவிக்கு இரிக்கிற 1926 எண்டுற நம்பருக்கு கோல் எடுத்துக் கதைங்க. வெளிநாட்டால வந்த எத்தினையோ பேர் ஒண்டுஞ் சொல்லாம வீட்டுக்குள்ளயே கிடந்து ஆகக் கடைசியிலதான் எங்களிட்ட வாறாங்க, அதப் பாக்கக்குள்ள எனக்கு மனசு தாங்காது.

கல்லடிக்காரன்:
அக்கா கேட்டதுக்கு நன்றி, நித்திர சாப்பாடு எல்லாம் ஓகே, ஆனா நம்பர சேவ் பண்ணிட்டன். அம்மா சொன்ன நிம்மதி எனக்கு விளங்குது, கடன் இல்லாத நான் அத ஒரு நாளும் யோசிச்சதே இல்ல. மத்தளச்சத்தம் அண்ணன் சொன்னதுதான் நெஞ்சில பட்டிச்சு. கட்டார்ல வேல முடிஞ்சு வந்து ரூம் பொடியன்மாரோட சேந்து வெங்காயம் வெட்டி, ஒருத்தன் உப்பு கூடப் போட்டான் எண்டு சண்ட புடிச்சு, ஒரே சட்டியச் சுத்தி இருந்து திண்டதெல்லாம் எனக்கு சந்தோசமா இருந்திருக்கு, அப்ப நான் வீட்டத்தான் நினைச்சுக்கொண்டு இருந்தன். அண்ணன், கூத்து ஆடாத ஒருத்தன், வயசும் முப்பத்தஞ்சு தாண்டிட்டு, இனிப் பழகலாமா?

மத்தளச்சத்தம்:
தாராளமா வாங்க. இந்தமுற இன்னும் சட்டம் குடுக்கல்ல, அதான் ஆருக்கு எந்தப் பாத்திரம் எண்டு பிரிச்சுக் குடுக்கிறது, முதல்ல வந்து தாளத்தக் கேட்டுக்கொண்டு குந்துங்க, கால் பிடிபட்டா அண்ணாவியாரே எழுப்பி விடுவார். ராவில பாதை இருட்டு, டோர்ச் கொண்டு வாங்க. இடத்த இன்பொக்ஸ்ல போடுறன்.